எனியாகிராம் எண்ணை வைத்துக்கொண்டு ஆத்தும சோதனை செய்யலாமா?

நெய்தல் (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன தவக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தியான இல்லத்துக்குப் போயிருந்தேன். மறையுரை, பாவசங்கீர்த்தனம், நற்கருணை ஆராதனை எல்லாம் வழக்கம்போல. கூடவே ஒரு பிற்பகல் முழுக்க எனியாகிராம் என்று ஒன்று நடத்தினார்கள். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, சுற்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய குணத்தை விளக்கிவிட்டு, பொருந்துகிற எண்ணில் போய் நிற்கச் சொன்னார்கள். நான் இரண்டில் நின்றேன். இரண்டு என்றால் ஓடி ஓடி உதவுகிறவர், அதற்கு உள்ளூர நன்றியை எதிர்பார்க்கிறவர்.

விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு ஞாயிறு நாத்தனார் குடும்பம் சாப்பிட வந்தது. இட்லி போதும் அண்ணி என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். நான் விடியுமுன் எழுந்து இடியாப்பம், பாயா, கூடவே பிள்ளைகளுக்குத் தனியாகத் தேங்காய்ப்பால் என்று இறங்கிவிட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அன்று நான் பாத்திரம் கழுவிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

இரவு ஆத்தும சோதனையில், அதாவது அன்று செய்த தவறுகளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபத்தில், 'கோபப்பட்டேன்' என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இரண்டாம் எண்ணுக்கு அவர்கள் சொன்ன தலையான பாவம் கோபம் இல்லை, அகங்காரம். நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒன்றும் நடக்காது என்கிற நினைப்பு. அது சுருக்கென்று தைத்தது.

இப்போது என் சந்தேகம். எங்கள் அன்பியத்தில் (பங்கின் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடும் ஜெபக் குழு) ஒருவர், இது புதுயுகக் (நியூ ஏஜ்) குப்பை, திருச்சபை இதை ஏற்கவில்லை என்கிறார். எனக்கோ பலன் தெரிகிறது. இதை ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்புலி

அக்கா, இடியாப்பக் கதை எங்கள் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒன்பது எண்கள் எதற்கு?

1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். ஒரு வாரம் கழித்து, இது உன்னைப் பற்றிய அறிக்கை என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. வேடிக்கை என்னவென்றால் எல்லோரிடமும் இருந்தது ஒரே வாசகம்தான், பெரும்பாலும் கடையில் விற்கிற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. மற்றவர்கள் உன்னை விரும்ப வேண்டும், பாராட்ட வேண்டும் என்ற ஏக்கம் உனக்குள் இருக்கிறது என்பது அதில் ஒரு வரி. உங்கள் 'இரண்டு' அப்படியே இருக்கிறதா இல்லையா?

எங்கள் ஆபீஸில் எச்.ஆர். ஆட்கள் இதேபோல மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமைத் தேர்வு நடத்தினார்கள். சுவிஸ் மனநல மருத்துவர் யுங் 1921-ல் எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாவும் மகளும் உருவாக்கியது. இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. கூச்சம் முதல் கலகலப்பு வரை நீளும் ஒரு கோட்டின் நடுவில் வெட்டி, இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் ஒரு வகை என்று பிரிக்கிறார்கள். மனிதர்களில் பெரும்பாலோர் அந்த நடுவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அதனால் மறுபடி எழுதினால் பலருக்கு வகை மாறிவிடுகிறது. ராசிபலனுக்குக் கோட்டு சூட்டு போட்டுவிட்டால் அறிவியல் ஆகிவிடுமா?

திண்ணைவாசி

தம்பி சொல்வது அளவைக் கருவியைப் பற்றி. அக்கா கேட்பது வேறு. இருந்தாலும் இந்த எனியாகிராம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் தியான இல்லங்களில் பாலைவனத் துறவிகளின் ஞானம், சூஃபிகளின் ரகசியம் என்றெல்லாம் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள்.

ஒன்பது முனை கொண்ட அந்தப் படத்தை முதலில் வெளியே கொண்டுவந்தவர் குர்ஜீஃப் என்ற ஆன்மீக ஆசான். ஆர்மேனியாவில் பிறந்தவர், 1949-ல் பாரிஸ் அருகே இறந்தார். உலகம் இயங்கும் விதிகளைச் சொல்லவே அவர் அந்தப் படத்தை எடுத்தார். ஒன்பது வகை மனிதர்கள் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. அதில் குணங்களை ஏற்றியவர் பொலிவியாவில் பிறந்த ஆஸ்கார் இச்சாசோ. சிலி நாட்டின் வடகோடியில் அரிக்கா என்ற பாலைவனத் துறைமுக ஊரில் அவர் பள்ளி வைத்திருந்தார். 1970-ல் கிளாவ்டியோ நரான்ஹோ என்ற சிலி மனநல மருத்துவர் வேறு சிலரோடு போய் அவரிடம் கற்றார். திரும்பி கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குழுவில் ராபர்ட் ஓக்ஸ் என்ற சேசு சபைக் குருவும் இருந்தார். அவர் சிகாகோ லொயோலா பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போனார். அங்கிருந்து சேசு சபை மாணவர்கள் கையெழுத்துக் குறிப்புகளாக நகலெடுத்து நகலெடுத்து மடங்களுக்கும் தியான இல்லங்களுக்கும் பரப்பினார்கள். ஆக, இன்று கத்தோலிக்கத் தியானத்தில் நாம் பார்க்கும் எனியாகிராமுக்கு வயது ஐம்பத்துச் சொச்சம்தான்.

ஒரு கிளைக்கதை. இச்சாசோவின் அமைப்பு, இது எங்கள் சொத்து என்று ஒரு நூலாசிரியர்மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவை மனித இயல்பைப் பற்றி நான் கண்டுபிடித்த உண்மைகள் என்று இத்தனை நாள் சொல்லிவந்தீர்கள், உண்மைகளுக்குப் பதிப்புரிமை கிடையாதே என்று கேட்டுவிட்டது. ஞானிக்கு இதைவிட இக்கட்டான கேள்வி இருக்க முடியுமா, தெரியவில்லை. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் தேர்வு அச்சடிக்கலாம் என்று ஆகிவிட்டது.

அன்பியத்துக்காரர் சொல்வதும் பாதி சரி. 2003 பிப்ரவரியில் வத்திக்கானின் இரண்டு திருப்பீட அவைகள் புதுயுக இயக்கம் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டன. அதில் எனியாகிராம் பற்றி ஒரு வாக்கியம் உண்டு. ஆன்மீக வளர்ச்சிக்கான வழியாக அதைப் பயன்படுத்தும்போது கிறிஸ்தவப் போதனையிலும் வாழ்விலும் தெளிவின்மை நுழைகிறது என்பது அதன் சாரம். எச்சரிக்கை என்று சொல்லலாம். தடை என்று சொல்ல அதில் இடமில்லை.

நெய்தல்

நன்றி ஐயா. அப்படியானால் பாலைவனத் துறவிகள் என்று அவர்கள் சொன்னது சும்மாவா?

திண்ணைவாசி

முழுக்கச் சும்மா இல்லை. எவாகிரியுஸ் என்ற துறவி எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-ல் இறந்தார். துறவியைத் தாக்கும் எண்ணங்கள் எட்டு என்று வகுத்தார்: போசனப்பிரியம், மோகம், பணஆசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகங்காரம். யோவான் காசியான் என்ற துறவி அந்தப் பட்டியலை மேற்கே கொண்டுபோனார். ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அதை ஏழாக்கினார். நாம் மறைக்கல்வியில் ஒப்பித்த தலையான பாவங்கள் ஏழும் அந்த வழியில் வந்தவைதான். இச்சாசோ செய்தது என்னவென்றால் அந்த ஏழோடு பயம், வஞ்சகம் இரண்டையும் சேர்த்து ஒன்பதாக்கி, முனைக்கு ஒன்றாக வைத்தது.

ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. எவாகிரியுஸ் எண்ணங்களைத்தான் வகைப்படுத்தினார், ஆட்களை அல்ல. எந்த எண்ணம் எப்போது வருகிறது, எதற்குப் பின்னால் எது வருகிறது, எது அடிக்கடி, எது எப்போதாவது என்று கவனித்துப் பார் என்பது அவர் சொன்ன பயிற்சி. சலிப்பைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் நேற்று எழுதியதுபோல இருக்கும். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், துறவி சன்னலைப் பார்ப்பான், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்ப்பான், யாராவது சகோதரர் வருகிறாரா என்று பார்ப்பான், அப்புறம் இந்த இடமே பிடிக்காமல் போகும். ஆபீஸில் மத்தியானம் இரண்டு மணிக்கு நமக்கு நடப்பதுதானே? எனியாகிராம் சலிப்பை ஒன்பதாம் எண்ணில் வைக்கிறது, ஆனால் அது 'ஒன்பதாம் எண்காரருக்கு' மட்டும் வருவதில்லை.

பனங்காடு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கிறிஸ்தவர்கள் கதைக்கும் இடத்தில் பௌத்தத்தைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், ஆனால் ஆட்களை வகைப்படுத்துகிற வேலையை இங்கே அனுராதபுரத்தில் ஐந்தாம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். அங்கிருந்த மகாவிகாரை என்ற பௌத்த மடத்தில் தங்கிப் புத்தகோசர் என்ற பிக்கு எழுதிய விசுத்திமக்கம் என்ற பாளி நூல். இவர் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் என்று அவருடைய உரைநூல் ஒன்றின் பின்னுரையிலிருந்து தெரிகிறது.

அதில் ஆறு சுபாவங்கள்: ஆசை, வெறுப்பு, மயக்கம், நம்பிக்கை, அறிவு, அலைபாயும் யோசனை. எனக்குப் பிடித்தது, ஆளின் சுபாவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பகுதி. கேள்வித்தாள் கிடையாது. அவன் முற்றம் கூட்டுவதைப் பார் என்கிறார். ஆசைச் சுபாவக்காரன் விளக்குமாற்றை ஒழுங்காகப் பிடித்து, அவசரப்படாமல், மணலைக் கிளறாமல், பூப் பரப்பினாற்போலச் சமமாகக் கூட்டுவான். வெறுப்புச் சுபாவக்காரன் இறுக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் மணலைத் தூக்கியடித்து, கரகரவென்று சத்தத்தோடு கூட்டுவான், இடமும் துப்புரவாகாது. மயக்கச் சுபாவக்காரன் தளரப் பிடித்து மணலைப் புரட்டிப் புரட்டிக் கலக்கிவிட்டுப் போவான். நடையையும் சாப்பாட்டையும்கூட இப்படிப் பார்க்கச் சொல்கிறார். எங்கள் பக்கம் மணல் முற்றம்தான், காலையில் யார் கூட்டினார்கள் என்று தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், அதனால் இது எனக்கு நன்றாகவே விளங்கியது.

நெய்தல் அக்காவுக்குப் பயன்படக்கூடியது இரண்டு. ஆசையும் நம்பிக்கையும் சோடி என்கிறார் அவர், வெறுப்பும் அறிவும் சோடி. வெறுப்பு இல்லாத குற்றத்தையும் தேடிப் பிடிக்கும், அறிவு உள்ள குற்றத்தைக் காணும், ஆனால் இரண்டும் ஒட்டாமல் விலகிநிற்கும் ஒரே போக்கு. ஆக, உங்கள் பலவீனம் கிடக்கிற பக்கத்தில்தான் உங்கள் பலமும் கிடக்கிறது. அடுத்தது, மருந்து எதிர்த்திசையில். ஆசைச் சுபாவக்காரனுக்குத் தூசி படிந்த குடிசையும் அழகில்லாத கிண்ணமும் கொடு, உடம்பின் அசுத்தத்தைத் தியானிக்கச் சொல். வெறுப்புச் சுபாவக்காரனுக்கு நிழலும் தண்ணீரும் உள்ள நல்ல அறையைக் கொடு, மைத்திரியை, அதாவது எல்லா உயிர்களிடமும் அன்பை, தியானிக்கச் சொல். எதைத் தியானிப்பது என்று குரு தேர்ந்து கொடுப்பதற்குத்தான் அந்த வகைப்பாடு. சீடன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவதற்கு இல்லை.

கணக்குப்புலி தம்பிக்கும் ஒன்று. இத்தனை அடையாளங்களையும் எழுதிவிட்டு, இவை முழுதாக மூலநூலிலும் வரவில்லை, பழைய உரையிலும் வரவில்லை, ஆசிரியர்கள் அபிப்பிராயம் மட்டும்தான், அதனால் இதையே பிரமாணமாகக் கொள்ளாதே என்று புத்தகோசரே சொல்லிவிடுகிறார். எந்த எச்.ஆர். கம்பனி தன் தேர்வுத்தாளின் அடியில் இப்படி எழுதும்?

கணக்குப்புலி

அந்தக் கடைசிப் பத்திக்காகவே ஒரு லைக். கூட்டுவதைப் பார்ப்பதும் பரவாயில்லை, குறைந்தது செய்கையைப் பார்க்கிறார்கள். 'நீ பொறுமைசாலியா' என்று என்னிடமே கேட்டால் நான் ஆமாம் என்றுதான் சொல்வேன்.

ஒற்றையடி

நெய்தல், நான் ஒரு துறவற சபையில் இளம் சகோதரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் பல வருடம் இருந்தவள். எனியாகிராமை எங்கள் இல்லத்துக்குக் கொண்டுவந்ததும் நாங்கள்தான், பாதியில் நிறுத்தியதும் நாங்கள்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதல் சில மாதம் பிரமாதமாக இருந்தது. யாரோடும் ஒட்டாத ஒரு சகோதரி, 'நான் ஐந்து, எனக்குத் தனிமை வேண்டும் என்று இப்போதாவது எல்லோருக்கும் புரிந்ததே' என்று அழுதாள். நல்லதுதான். அப்புறம் அதே சகோதரி பாத்திரம் கழுவும் முறை வந்தபோது, 'கூட்டமாக நின்று வேலை செய்வது என் வகைக்கு ஒத்துவராது' என்றாள். சமையலறைப் பொறுப்பாளர், 'அவள் எட்டு, அப்படித்தான் கத்துவாள்' என்று இன்னொருத்தியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார். கத்துகிறவளும், ஆமாம் நான் எட்டுதானே என்பாள். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் எண்ணைச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒருத்தியிடம் ஏதோ கருத்துக் கேட்டபோது, அவள் வாயைத் திறக்குமுன் இன்னொருத்தி, 'இவள் ஒன்பது, எதற்கும் சரி என்றுதான் சொல்வாள்' என்றாள். அந்தச் சகோதரி சரி என்றுதான் சொன்னாள். அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே சுவரில் ஒட்டியிருந்த வட்டத்தைக் கழற்றிவிட்டோம்.

ஆனால் முழுக்க விட்டுவிடவில்லை. சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற தன் நூலில் தனி ஆய்வு என்று ஒன்று வைத்திருக்கிறார். பொதுவாக எல்லாப் பாவத்தையும் புரட்டிப் பார்க்காமல், ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்வது. காலையில் எழுந்ததும் அந்த ஒன்றில் கவனமாக இருப்பேன் என்று தீர்மானிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, மணிக்கு மணி திரும்பிப் பார்த்து, எத்தனை தடவை விழுந்தேனோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். வாரத்துக்கு ஏழு வரிசை, வரிசைக்கு இரண்டு கோடு, ஒன்று மதியத்துக்கு, ஒன்று இரவுக்கு. விழுகிற அந்தக் கணத்திலேயே நெஞ்சில் கை வைத்து வருந்தச் சொல்கிறார், கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்கிறார். அப்புறம் முதல் கோட்டோடு இரண்டாம் கோடு, நேற்றோடு இன்று, போன வாரத்தோடு இந்த வாரம் என்று ஒப்பிட வேண்டும். அறுநூறு பக்க ஆளுமை நூல்களைவிட இந்த ஒரு தாள் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

கஷ்டம் எங்கே என்றால், எந்தக் குறையை எடுப்பது என்பதில். எல்லோரும் வெளியே தெரிகிற குறையைத்தான் எடுப்பார்கள். கோபம், வீண்பேச்சு, ஜெபத்தில் தூக்கம். அந்த இடத்தில் எனியாகிராம் கொஞ்சம் உதவும். உங்களுக்கே பாருங்கள், இத்தனை நாள் கோபம் என்று குறித்துக்கொண்டிருந்தது கோபமே இல்லை என்று தெரிந்ததல்லவா? அவ்வளவுதான் அதன் வேலை. தெரிந்ததும் எண்ணை வைத்துவிட்டு நோட்டை எடுங்கள். எதிரி கோட்டையைச் சுற்றிவந்து பலவீனமான பக்கத்தைப் பார்த்துத்தான் தாக்குவான் என்று அதே நூலில் இஞ்ஞாசியார் எழுதுகிறார். நம் பலவீனமான பக்கம் எது என்று தெரிந்திருப்பதில் தப்பில்லை. அதற்குப் பெயர்ப்பலகை மாட்டி ஊருக்குக் காட்டுவதில்தான் தப்பு.

வில்வமரம்

சகோதரி எழுதியதைப் படித்ததும் எங்கள் சைவ சித்தாந்தத்தில் உள்ள நால்வகை நினைவுக்கு வந்தது. தாச மார்க்கத்துக்கு அப்பர், சற்புத்திர மார்க்கத்துக்குச் சம்பந்தர், சக மார்க்கத்துக்குச் சுந்தரர், சன்மார்க்கத்துக்கு மாணிக்கவாசகர் என்று காட்டுவார்கள். அடியவர், பிள்ளை, தோழர் என்று இறைவனோடு உள்ள உறவு ஒருவருக்கு ஒரு மாதிரி. உழவாரப்படையோடு கோயில் புல் செதுக்கியவரையும், தூது போகச் சொல்லிச் சிவனையே அனுப்பிவைத்தவரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது என்று தெரிந்தவர்கள் வகுத்தது.

ஆனால் சித்தாந்த நூல்களில் இவை படிகள். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று ஏற வேண்டியவை. நான் சரியைக்காரன், எனக்கு ஞானம் ஒத்துவராது என்று யாரும் உட்கார்ந்துவிட முடியாது. எனியாகிராம்காரர்களிடம் எனக்கு இடிப்பது அதுதான். நீ பிறந்ததிலிருந்து இரண்டு, சாகும்வரை இரண்டு என்கிறார்கள். அப்புறம் எங்கே போவது?

ஒற்றையடி

ஐயா, அவர்களைக் கேட்டால் எண் மாறாது, எண்ணின் பிடி தளரும் என்பார்கள். என் அனுபவத்தில் பிடி தளர்ந்தவர்களுக்குத் தங்கள் எண்ணே மறந்துபோயிருந்தது. இதை வாதமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னேன்.

நெய்தல்

சகோதரி, ரொம்ப நன்றி. ஒரு நடைமுறைக் கேள்வி. கோபத்தைப் புள்ளி வைக்கலாம், கத்தினால் தெரியும். அகங்காரத்தை எப்படிப் புள்ளி வைப்பது? இன்று மதியம் வரை உட்கார்ந்து யோசித்தேன், எல்லாமே அகங்காரமாகத் தெரிகிறது, அல்லது ஒன்றுமே இல்லை என்று தெரிகிறது.

ஒற்றையடி

உணர்ச்சியைக் குறிக்காதீர்கள், செய்கையைக் குறியுங்கள். உங்களுக்கு இரண்டு போதும். யாரும் கேட்காததைச் செய்துவிட்டு, செய்ததை அவர்கள் காதில் விழும்படிச் சொன்ன தடவை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 'நல்லா இருந்துச்சா?' என்று கேட்ட தடவைக்கு ஒரு புள்ளி. கேட்பது பாவம் இல்லை, ஆனால் எத்தனை தடவை கேட்கிறோம் என்று தாளில் பார்க்க வேண்டும். இன்னொன்று, வாரத்தில் ஒருநாள் நீங்கள் யாரிடமாவது உதவி கேளுங்கள். நாத்தனாரிடமே கேட்கலாம். பனங்காடு சொன்ன எதிர்த்திசை மருந்து அதுதான், எங்களிடமும் அதே முறை உண்டு.

தாளை உங்கள் ஆன்ம குருவைத் தவிர யாருக்கும் காட்ட வேண்டாம். கணவர் எந்த எண் என்று தயவுசெய்து கண்டுபிடிக்காதீர்கள்.

நெய்தல்

கடைசி வரி ஏற்கெனவே தாமதம் சகோதரி. அவர் ஆறு என்று தியானத்திலிருந்து வந்த அன்றே சொல்லிவிட்டேன். சரி, இனி சொல்லவில்லை. நாத்தனாருக்குப் போன் பண்ணி, வருகிற திருவிழாவுக்குப் பலகாரம் சுட வரச் சொல்லியிருக்கிறேன். முறுக்கு நான் பிழிகிறேன் அண்ணி, நீங்கள் உட்காருங்கள் என்கிறாள். உட்கார முடியுமா என்று பார்க்க வேண்டும்.

கணக்குப்புலி

எண்ணைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் அந்த ஏழு வரிசைத் தாள் பிடித்திருக்கிறது. மீட்டிங்கில் அடுத்தவர் பேச்சை இடையில் வெட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு, அதைக் குறிக்கப் போகிறேன். சாமி கும்பிடாதவன் செய்தால் செல்லுமா சகோதரி?

ஒற்றையடி

தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. நெஞ்சில் கை வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மீட்டிங்கில் வேலை செய்வது அதுதான். இரவில் மொத்த நாளையும் பார்க்கும் பொது ஆய்வு தனியாக ஒன்று உண்டு, அதன் முதல் படியே நன்றி சொல்வது. குறைகளை எடுப்பது அப்புறம்தான். அந்த நன்றியை யாருக்குச் சொல்வது என்பது உங்கள் பாடு.